ஐப்பசி மழைக்கு முன்னால் காருக்கு டயரும் வீலும் தேர்ந்தெடுப்பது எப்படி? நெல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெர்மனியில் இருக்கிற என் அக்கா மகன் அக்டோபர் பிறந்தால் போனில் ஒரே புலம்பல். "மாமா, வின்டர் டயர் மாத்தணும், கடையில டைமே கிடைக்கல." அங்கே அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை ஒரு செட் டயர், மற்ற மாதங்களுக்கு இன்னொரு செட். பனியிலும் உறைந்த ரோட்டிலும் வின்டர் டயர் இல்லாமல் ஓட்டினால் அபராதம். போன வருஷம் அவன் கேட்டான்: "நீங்க எப்ப மாத்துவீங்க?" நான் சிரித்தேன். பாளையங்கோட்டையில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆனால் போனை வைத்த பிறகு யோசித்துப் பார்த்தால், என் வண்டியில் டயர் மாட்டிய வருஷமே எனக்கு ஞாபகம் இல்லை.

நமக்குப் பனிக்காலம் கிடையாது, அடைமழைக்காலம் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஜூனிலேயே சாரல் தொடங்கிவிடும். இந்த மாதங்களில் தான் டயரின் யோக்கியதை தெரியும். அதனால் டயர் பார்க்கிற வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுவது நல்லது. தீபாவளி நெருங்கினால் கடையில் கூட்டம். நமக்கு வேண்டிய சைஸில் புதுச் சரக்கு இருக்காது, இருப்பதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

முதலில் இருக்கிற டயரைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டு வாசலில் பத்து நிமிஷம் குனிய வேண்டும். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுசாக ஒடித்து வைத்தால் முன் டயரின் முகம் நன்றாகத் தெரியும். டயரின் பட்டன்களுக்கு (ரோட்டைத் தொடும் ரப்பர்க் கட்டிகள்) நடுவே ஓடும் பள்ளத்துக்குள் குறுக்காகச் சின்னத் திட்டு ஒன்று இருக்கும். அது 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன் தேய்ந்து அந்தத் திட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் சட்டப்படியே அந்த டயரின் காலம் முடிந்தது. புது டயரில் பள்ளம் 7, 8 மில்லிமீட்டர் இருக்கும்.

என் கணக்கு வேறு. மழைக்காலத்துக்குள் நுழையும்போது 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் நான் மாற்றிவிடுவேன். வெயில் காலத்தில் அதே டயர் இன்னும் ஆறு மாதம் ஓடியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் பள்ளத்தின் வேலையே தண்ணீரை வாங்கி வெளியே தள்ளுவது. பள்ளம் ஆழம் குறைந்தால் தண்ணீர் போக வழி கிடையாது. ஆழம் அளக்கிற கருவி ஆட்டோமொபைல் கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. வெளி ஓரம், நடு, உள் ஓரம் என்று மூன்று இடத்திலும் அளந்து பாருங்கள். உள் ஓரம் மட்டும் மொட்டையாகி இருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கிற கோணம், போயிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியே தேயும். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு.

அடுத்தது வயது. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் தயாரித்தது. சில டயர்களில் அது உள்பக்கம் பார்த்து இருக்கும். செல்போன் டார்ச் அடித்துக் கீழே எட்டிப் பார்க்க வேண்டியதுதான். நம் ஊர் வெயிலில் ரப்பர் சீக்கிரம் கெட்டிப்படும். தெருவிலேயே நிற்கிற வண்டி, மாதம் ஒருதரம் குலதெய்வம் கோயிலுக்கு மட்டும் போகிற வண்டி, இவற்றில் பட்டன் புதுசு மாதிரி இருக்கும், பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கும். ஐந்து வருஷம் தாண்டியதை வருஷம் ஒருமுறை ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். பத்து வருஷம் என்பதைப் பல கம்பெனிகள் கடைசி எல்லையாகச் சொல்கின்றன. என்னைக் கேட்டால் நம் வெயிலுக்கு அது ரொம்ப அதிகம். ஆறேழு வருஷத்தோடு விட்டுவிடுங்கள்.

பக்கவாட்டில் எங்காவது வயிறு தள்ளி இருந்தால் வேறு எதுவும் பார்க்க வேண்டாம். உள்ளே நூல் அறுந்துவிட்டது. அன்றைக்கே கழற்றுங்கள்.

டயரில் எழுதியிருப்பதை வாசிப்பது

உதாரணத்துக்கு 185/65 ஆர்15 88எச் என்று எடுத்துக்கொள்வோம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கவாட்டுச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. இங்கே 120 மில்லிமீட்டர் வருகிறது. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது உள்ளே உட்காரும் ரிம்மின் விட்டம், இன்ச்சில்.

88 என்பது ஒரு டயர் தாங்கும் எடையின் குறியீடு: 560 கிலோ. 82 என்றால் 475 கிலோ, 91 என்றால் 615 கிலோ. கடைசி எழுத்து வேகம்: டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர், எச் என்றால் 210, வி என்றால் 240. நாம் யாரும் 190இல் போகப் போவதில்லை, பிறகு எதற்கு என்று கேட்பார்கள். அந்த எழுத்து சூட்டைத் தாங்கும் திறனுக்கும் ஒரு அடையாளம். சித்திரை வெயிலில், வண்டி நிறைய ஆளோடு, கோவில்பட்டியிலிருந்து காவல்கிணறு வரை நான்குவழிச் சாலையில் நிற்காமல் போனால் டயர் என்ன பாடு படும்? கம்பெனி கொடுத்ததைவிட எடைக் குறியீட்டிலும் வேக எழுத்திலும் குறைந்த டயரை, என்ன தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஏழு சீட் வண்டிக்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பொங்கல் வைக்கிற வெங்கலப் பானை, அரிசி மூட்டை, எட்டாவதாக மடியில் ஒரு பிள்ளை என்று ஏற்றுகிற நாளில் அந்த 88க்கு அர்த்தம் புரியும்.

ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். கார் டயருக்கு அது கட்டாயம்.

மழைக்கு எந்த டயர்?

சில வருஷத்துக்கு முன்னால் கார்த்திகை மாதம் நாகர்கோவிலிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தேன். நாங்குநேரி டோல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நல்ல மழை. வேகம் 90 இருக்கும். ஓரிடத்தில் ரோடு லேசாகத் தாழ்ந்து தண்ணீர் தகடு மாதிரி நின்றது. அதில் ஏறின நொடியில் ஸ்டியரிங் கையில் பஞ்சாகிவிட்டது. திருப்பினால் வண்டி கேட்கவில்லை. இன்ஜின் சத்தம் மட்டும் திடீரென்று ஏறியது. பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை விட்டேன், ஓரிரு நொடியில் டயர் மறுபடி ரோட்டைப் பிடித்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பட்டன் 2 மில்லிமீட்டர் சொச்சம்.

டயர் தண்ணீர் மேல் மிதப்பது இப்படித்தான். டயருக்கு முன்னால் சேரும் தண்ணீரை ஒதுக்கித் தள்ள நேரம் கிடைக்காவிட்டால், தண்ணீர் ஆப்பு மாதிரி அடியில் நுழைந்து டயரைத் தூக்கிவிடும். 1960களில் நாசாவில் விமான டயர்களை வைத்துச் சோதித்து ஒரு எளிய கணக்கு கண்டுபிடித்தார்கள்: டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நம் கார் கணக்கில் போட்டால், தண்ணீர் ஆழமாக நின்று டயர் மொட்டையாக இருக்கும்போது, 33 பிஎஸ்ஐ காற்றுக்குச் சுமார் 95 கிலோமீட்டர் வேகம், 24 பிஎஸ்ஐக்குச் சுமார் 82. பள்ளம் ஆழமாக இருந்தால் இந்த எல்லை மேலே போகும். "மழைக்குக் காத்தக் கொஞ்சம் இறக்கிக்கிடுங்க அண்ணாச்சி, கிரிப் வரும்" என்று பஞ்சர் கடையில் சொல்வார்கள். சகதியில் மாட்டிக்கொண்ட டிராக்டருக்கு அது சரி. தார் ரோட்டில் போகிற காருக்கு நேர்மாறு.

ஆக, கடையில் டயரைத் திருப்பிப் பார்க்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது சுற்றிலும் ஓடும் அகலமான நேர்ப் பள்ளங்கள். சின்னக் காருக்கு மூன்று, பெரிய காருக்கு நான்கு இருந்தால் நல்லது. அவற்றிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீர் போகிற வாய்க்கால்கள் அடைபடாமல் வெளிவரை திறந்திருக்க வேண்டும். தாமிரபரணியில் கால்வாய் பிரிகிற மாதிரிதான். கடைமடைவரை வழி இருந்தால் தான் தண்ணீர் நகரும்.

அடுத்தது ரப்பர் கலவை. இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. டயரிலேயே ஒரு குறிப்பு இருக்கும்: டிரெட்வேர் என்று ஒரு எண், டிராக்‌ஷன் என்று ஒரு எழுத்து, டெம்பரேச்சர் என்று ஒரு எழுத்து. டிராக்‌ஷன் என்பது ஈர ரோட்டில் நேராகப் பிரேக் பிடிக்கும் திறன். ஏஏ தான் உச்சம், பிறகு ஏ, பி, சி. ஏ-க்குக் குறையாமல் வாங்குங்கள். டெம்பரேச்சர் என்பது சூட்டைத் தாங்கும் திறன், ஏ, பி, சி என்று போகும்; நம் ஊருக்கு ஏ கிடைத்தால் பி பக்கம் போகாதீர்கள். டிரெட்வேர் எண் கூடக்கூட டயர் அதிக காலம் உழைக்கும் என்று பொருள். ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் தன் டயருக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் எண் அது. இரண்டு கம்பெனி டயரை அதை வைத்து ஒப்பிடாதீர்கள்.

மைலேஜ் டயர், கிரிப் டயர் என்று கடைக்காரர் இரண்டை எடுத்துப் போடுவார். உருளும்போது இழுப்பு குறைந்தால் பெட்ரோல் மிச்சம், ஆனால் அந்தக் கலவை பெரும்பாலும் ஈரத்தில் பிடியை விட்டுக்கொடுக்கும். சிலிக்கா கலந்த நல்ல டயர்களில் இரண்டும் ஓரளவு சேர்ந்து வரும், விலையும் அதற்கேற்ப இருக்கும். உருளும் இழுப்பு, ஈரப் பிடிமானம், சத்தம் மூன்றுக்கும் குறைந்தபட்ச அளவை ஏஐஎஸ்-142 என்ற விதியாக அரசு கொண்டுவந்திருக்கிறது. புது வடிவங்களுக்கு 2022 அக்டோபர் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2023இலும் அது நடைமுறைக்கு வந்தது. பழைய ஸ்டாக்கைத் தவிர்க்க இது இன்னொரு காரணம்.

கம்பெனி பெயர் சொல்லச் சொன்னால் சொல்ல மாட்டேன். ஒரே கம்பெனியிலேயே ஈரத்துக்கு நல்ல டயரும் இருக்கிறது, உழைப்புக்கு மட்டும் செய்த டயரும் இருக்கிறது. உள்ளூர்ப் பாசத்தில் சிலர் "நம்ம கங்கைகொண்டானிலேயே டயர் பாக்டரி இருக்கே" என்பார்கள். இருக்கிறது. ஆனால் அங்கே செய்வது டிராக்டர், கனரக எந்திரங்களுக்கான டயர்கள். காருக்கு ஆகாது.

வீல்: எத்தனை இன்ச், ஸ்டீலா அலாயா?

பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில் தான். பெரிய இன்ச், அகல டயர், கருப்பு அலாய் (அலுமினியக் கலவை வீல்). வண்டி பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். ஸ்விஃப்ட்டில் கீழ் வேரியன்ட்டுக்கு 165/80 ஆர்14, மேல் வேரியன்ட்டுக்கு 185/65 ஆர்15. முதல் டயரின் மொத்த விட்டம் 620 மில்லிமீட்டர், இரண்டாவது 621.5. கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. 195/55 ஆர்16 போட்டாலும் 621 தான் வரும். அப்படியானால் என்ன மாறியது? பக்கவாட்டுச் சுவர். 14 இன்ச்சில் 132 மில்லிமீட்டர், 15இல் 120, 16இல் 107. பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கிற மெத்தை இதுதான். மழை பெய்து தண்ணீர் தேங்கிய தச்சநல்லூர், பேட்டைப் பக்கத் தெருவில் பள்ளம் எது, மேடு எது என்று கண்ணுக்குத் தெரியாது. அங்கே இந்த இரண்டரை சென்டிமீட்டர் வித்தியாசம் அலாய் விரிசல் விடுவதா, வண்டி ஒரு குலுங்கலோடு போய்விடுவதா என்பதைத் தீர்மானிக்கும். போதாததற்கு, அகலமான டயர் அதிகத் தண்ணீரை ஒதுக்க வேண்டும். அதே பட்டன் ஆழத்தில் குறுகிய டயரைவிட முந்தி மிதக்கும்.

கம்பெனி உங்கள் மாடலுக்குக் கொடுக்கும் சைஸ்களுக்குள் நில்லுங்கள். மொத்த விட்டம் 2 சதவீதத்துக்கு மேல் மாறக்கூடாது. என் கருத்தில், ஆரியங்காவு மலைப்பாதை வழியாகச் சபரிமலைக்கு அடிக்கடி போகிறவர், திசையன்விளைப் பக்கம் தேரி மணலில் தோட்டம் வைத்திருப்பவர், கிராமத்து ரோட்டில் தினமும் போய் வருபவர் எல்லாரும் சின்ன இன்ச்சிலேயே இருப்பது உத்தமம்.

ஸ்டீல் ரிம் அடிபட்டால் வளையும், தட்டி எடுக்கலாம். அலாய் விரிசல் விட்டால் வெல்டிங் வைத்துக் கொடுப்பார்கள். அதை நம்பிக் குடும்பத்தை ஏற்றாதீர்கள். உவரி, திருச்செந்தூர், தூத்துக்குடி என்று கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு ஸ்டீலில் ஒரு தொல்லை உண்டு. உப்புக்காற்றில் டயர் உட்காரும் விளிம்பில் துரு பிடித்து, பஞ்சரே இல்லாமல் காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். டயர் மாற்றும்போது அந்த விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள்.

வெளியில் அலாய் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் நான்கு அளவு பொருந்த வேண்டும். முதலாவது போல்ட் வட்டம், அதாவது போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம்: ஸ்விஃப்ட்டுக்கு நான்கு போல்ட், 100 மில்லிமீட்டர், க்ரெட்டாவுக்கு ஐந்து போல்ட், 114.3. இரண்டாவது நடு ஓட்டை: ஸ்விஃப்ட்டுக்கு 54, க்ரெட்டாவுக்கு 67 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். கடை அலாய்களில் எல்லா வண்டிக்கும் பொருந்தட்டும் என்று ஓட்டையைப் பெரிதாக விட்டிருப்பார்கள். இடைவெளிக்கு வளையம் போடாமல் மாட்டினால் 80க்கு மேல் ஸ்டியரிங் நடுங்கும், நீங்கள் பேலன்சிங் கடைக்கு நடையாய் நடப்பீர்கள். நான் மூன்று தடவை நடந்தேன். மூன்றாவது கடையில் இருந்த வயசாளி வீலைக் கழற்றி, ஹப்புக்கும் (வண்டியில் வீல் உட்காரும் நடுக்குமிழ்) ஓட்டைக்கும் நடுவில் சுண்டுவிரல் நகத்தை நுழைத்துக் காட்டினார். "மெஷின்ல சரியாத்தாம் இருக்கும் அண்ணாச்சி, வண்டியிலதாம் ஆடும்" என்றார். ஒரு பிளாஸ்டிக் வளையத்தோடு தீர்ந்தது.

மூன்றாவது ஆஃப்செட்: வீலின் நடுக்கோட்டிலிருந்து, அது வண்டியோடு ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்கிற அளவு. அது மாறினால் சக்கரம் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டோ உள்ளே உரசிக்கொண்டோ நிற்கும், பேரிங்குக்கும் கேடு. நான்காவது நட்டு. ஸ்டீலுக்குக் கொடுத்த நட்டின் கூம்பு அலாயின் குழியில் சரியாக உட்காருமா என்று கேட்டு வாங்குங்கள்.

பனி ஊருக்குப் போகிற பிள்ளைகளுக்கு

நம் வீட்டுப் பிள்ளைகள் ஜெர்மனி, கனடா என்று போய்க் கார் வாங்குவதால் இதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வின்டர் டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழேயும் கெட்டிப்படாமல் மெதுவாக இருக்கும். பட்டனில் மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும், அவை பனியைக் கடித்துப் பிடிக்கும். அடையாளம்: மூன்று சிகர மலைக்குள் ஒரு பனித்துகள் படம். வெறும் எம் பிளஸ் எஸ் (சகதி, பனி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) எழுத்து போதாது. ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து அந்த எழுத்து மட்டும் இருக்கிற டயரை வின்டர் டயராக ஏற்பதில்லை. கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம். அங்கே பலர் குளிர்காலத்துக்கென்று ஒரு இன்ச் சின்னதாக ஸ்டீல் வீல் செட் தனியாக வைத்திருப்பார்கள். உப்பு தூவிய ரோடு அலாயை அரிக்கும், பனி மூடிய பள்ளத்தில் உயரமான பக்கவாட்டுச் சுவர் காப்பாற்றும். அந்த டயரை ஆசைப்பட்டு இங்கே கொண்டுவந்து மாட்டினால் நம் தார் ரோட்டுச் சூட்டில் அழிரப்பர் மாதிரி தேய்ந்துபோகும்.

நான்கா, இரண்டா?

நான்கும் மாற்ற முடிந்தால் யோசிக்கவே வேண்டாம். இரண்டுதான் முடியும் என்றால் புதுசை எங்கே போடுவது? நம் கார்களில் பெரும்பாலானவை முன் சக்கரம் இழுப்பவை, ஸ்டியரிங்கும் முன்னால் தான். அதனால் முன்னால் போட வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறோம், கடையிலும் அப்படியே மாட்டிவிடுவார்கள். புதுசு பின்னால் தான் போக வேண்டும். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும். காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடி திரும்ப வரும். பின் டயர் வழுக்கினால் வண்டியின் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும், பம்பரம் மாதிரி சுற்றும். அதைத் திருப்பிப் பிடிக்க நம்மில் பலருக்குப் பழக்கம் இல்லை. தேய்ந்ததில் நல்லது இரண்டை முன்னால் மாற்றிப் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் வாதாடுவார். விடாதீர்கள்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

விலை பேசுவதற்கு முன்னால் தயாரிப்பு வாரத்தைப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் என்றால் நல்லது, ஒரு வருஷம் வரை பரவாயில்லை. நான்கிலும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு கடையில் எனக்கு மூன்று புதுசும் ஒன்று இரண்டரை வருஷப் பழசுமாக மாட்டினார்கள். டீ குடிக்கப் போன நேரம், தப்பு என்மேலும் உண்டு. பில்லில் டயர் நம்பரை எழுதி வாங்குங்கள், வாரண்டிக்கு அதுதான் கேட்பார்கள்.

சில டயரில் சுழலும் திசைக்கு அம்பு போட்டிருக்கும், சிலதில் "அவுட்சைட்" என்று ஒரு பக்கம் எழுதியிருக்கும். மாற்றி மாட்டினால் பள்ளம் தண்ணீரைத் தள்ளும் வேலையே கெடும். புது டயருக்குப் புது வால்வு. பேலன்சிங் பண்ணிய பிறகு ஈயக்கட்டி ஒரே இடத்தில் குவிந்திருந்தால் டயரை ரிம்மில் திருப்பி உட்கார வைக்கச் சொல்லுங்கள். அலைன்மென்ட் அன்றைக்கே பண்ணுங்கள். நட்டை மெஷின் கன்னால் முடுக்கிவிட்டுப் போவார்கள். அளவுபார்க்கும் ஸ்பேனரால், எதிரெதிர் வரிசையில், வண்டியின் புத்தகத்தில் உள்ள அளவுக்கு முடுக்க வேண்டும். அலாய் என்றால் ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடின பிறகு மறுபடி ஒருதரம் பாருங்கள். புது டயரின் மேலே வழவழப்பு இருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள்.

காற்று எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். ஆள் நிறைந்தால் கூடுதல் என்று அதிலேயே இருக்கும். காலையில், டயர் சூடாவதற்கு முன்னால் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் நாலைந்து பிஎஸ்ஐ கூடக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். நைட்ரஜன் போட்டால் கெடுதல் இல்லை. ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் தான். நம் பக்கம் வாரம் ஒருமுறை காற்றுப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு: உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும். டியூப்லெஸ் டயரில் முள் ஏறினால் உடனே தெரியாது, முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டு நாலைந்து நாளாகச் சொட்டுச் சொட்டாகக் காற்று போகும். பட்டன் பகுதியில் ஏறியதை ஒட்டலாம், பக்கவாட்டில் ஏறினால் டயர் போயிற்று.

நல்ல டயர் போட்டாயிற்று என்று வெள்ளத்தில் இறங்கிவிடக் கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது நெல்லை ஜங்ஷன் பக்கம் கார்கள் மிதந்ததை எல்லாரும் பார்த்தோம். பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் வண்டியைத் திருப்புங்கள்.

கடைசியாக டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை வெளியே எடுங்கள். வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட அது ரோட்டைப் பார்த்திருக்காது. அதன் காற்றையும் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். என்னுடையதில் 11 பிஎஸ்ஐ இருந்தது.